தெரியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை

மூன்றாவது கோப்பையிலும் ஒன்றும் இல்லை.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். இடது. நடு. வலது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்ன மூச்சு, ஒரு நீள மூச்சு. முறையில் பிழை இல்லை.

ஜின்னுக்கு அடிப்படையான ஜூனிபர் காயின் வாசம் இல்லை. நாரத்தைத் தோல் இல்லை. வெட்டிவேர் இல்லை.

மூக்கின் உள்ளே லேசான எரிச்சல் மட்டும். கோப்பையில் இருப்பது தண்ணீர் அல்ல, ஜின் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

“ஹே, கண்ண மூடிக்கோயேன். லேசா சிரி. அய்யோ, அவ்ளோ வேணாம், பல் டாக்டர் விளம்பரம் மாதிரி இருக்கு.”

யாமினி. விளம்பரப் பிரிவு. படம் பிடிப்பதற்காகவே சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தவள். கைப்பேசியை நீட்டியபடி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு கோப்பைகளில், கடைசியாகத் தேறிய சரக்கு. ஒன்றில், இன்று வடித்தது. வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் மணம் மாறிவிட்டது என்று பொருள். புதுச்சரக்கு மறுபடி வடிகலனுக்குப் போகும். தவறாகச் சொன்னால் மாற்றம் இல்லை, பாட்டிலுக்குப் போகும்.

தாளில் மூன்றே கட்டங்கள்.

தெரியவில்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்தாக வேண்டும். அதுதான் விதி.

‘உப்புக்காற்று’ ஜின்னின் ஒவ்வொரு பாட்டிலிலும் அவளுடைய மூக்கு இருக்கிறது. ஒற்றைக் கோட்டில் வரைந்தது, மூக்குத்தியோடு. கீழே, ‘ஒரே மூக்கு ஒப்பிய ஜின்’ என்ற வரி. விமான நிலையக் கடைகளில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அவள் பார்த்ததில்லை.

வீட்டில் பெருங்காயத்தை மோந்து பார்த்தாள். கற்பூரத்தை மோந்தாள். நசுக்கிய பூண்டு, மண்ணெண்ணெய், கடைசியில் அண்ணனின் காலுறை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினாள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே சின்னக் கோடு.

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

இப்படிப் பன்னிரண்டு நாளைகள் போய்விட்டன. இரண்டு சரக்குகள் பாட்டிலுக்குப் போய்விட்டன.

மணம் தெரியாத மூக்குக்கு இங்கே என்ன வேலை?

பென்சிலை எடுத்தாள். இடது என்று குறித்தாள்.

எதிரே நின்ற தேவநேசன் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்தார். ஜின் வடிப்பவர் அவர்தான். சீட்டை ஒருமுறை பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார்.

“இடதுதான்.”

“சூப்பர்!” யாமினி துள்ளினாள். “என் கையப் பாரு, புல்லரிக்குது. ஒரு மூக்கு வேணாம்னு சொன்னா மொத்த சரக்கும் ரிட்டர்ன்! இது போதும் எனக்கு. இப்பவே அனுப்பிடறேன்.”

சிக்னல் தேடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

மூன்றில் ஒன்று. குருட்டாம்போக்கில் விழுந்தது, அவ்வளவுதான்.

அல்லது இடது கோப்பையில் எரிச்சல் கொஞ்சம் அதிகமாக இருந்ததோ? இருந்ததா? இப்போது நினைக்கும்போது இருந்ததுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் நினைத்தால் இல்லாமலும் போகும்.

தேவநேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அவள் எதிரே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

“உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலம்மா.”

அவளுக்கு எதற்கு என்று புரியவில்லை.

“போன ரெண்டு சரக்குலயும் மல்லி விதை இல்ல. மூட்டை வரல. மொதலாளி நாள் குறிச்சிட்டாரு, கேக்கற ஆளா அவரு? மல்லி போடாமயே வடிச்சிட்டேன்.” குரல் இன்னும் இறங்கியது. “மொத நாள் நீ மோந்தப்ப எனக்கு உசுரே இல்ல. உனக்குத் தெரியாம இருக்குமா? வேணும்னே தப்பான கோப்பையைக் காட்டின. என் வேலையக் காப்பாத்தின.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“இன்னிக்கு மல்லி போட்டேன். ஒடனே சரியானதைக் காட்டிட்ட.” சிரித்தார். “இந்தப் பரிட்சையைப் பாரேன். போன தடவ தேறினதோடதான் ஒத்துப் பாக்கறோம். கெட்டதோட ஒத்துப் பாத்து, நல்லத வேறன்னு சொல்லுது.”

இடது கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

“சட்டப்படி இத நான் மறுபடி வடிக்கணும். நீ சொல்லு. பழைய உப்புக்காற்று இதுதானே? அந்த வாசனை உனக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. நீ ஆமான்னா இது போகட்டும். மொதலாளிகிட்ட நானே போய் நடந்ததைச் சொல்லிடறேன். உன் வாய்ச்சொல் இருந்தா எனக்குத் தெம்பு.”

அவள் கோப்பையை எடுத்தாள்.

சின்ன மூச்சு. சின்ன மூச்சு. நீள மூச்சு.

மல்லி.

வறுத்து இடித்த மல்லி. பின்னால் எலுமிச்சைபோல் ஒரு விளிம்பு. சந்தேகமே இல்லை. மூக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வந்தேவிட்டது.

தேவநேசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்று சொல்லப் போனாள்.

நின்றாள். முறைப்படி இன்னும் ஒன்று பார்க்க வேண்டும்.

வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர்க் குவளையை இழுத்து மூக்கருகே கொண்டு போனாள். இரண்டு சின்ன மூச்சு. ஒரு நீள மூச்சு.

வெறும் தண்ணீர். அதிலும் மல்லி வாசம் வந்தது.

குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அண்ணா,” என்றாள், “அந்தக் கதவச் சாத்திட்டு வாங்க. நானும் ஒண்ணு சொல்லணும்.”