தடை ஏதாவது இருக்கா?

"ஆயா, வந்துட்டாரு! இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் வந்துட்டாரு! கதவைத் திற! அந்த வாளியை எங்கேயாவது கொண்டுபோய் ஒளி!"

குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ், கத்தலைக் கிசுகிசுப்பாக்க முயன்று தோற்றாள். சும்மாவா அவளுக்கு 'சைரன் சிஸ்டர்' என்று பேர்? உள்ளேயிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் போகிற லாரி பிரேக் போடும். குழந்தைகள் மட்டும் பழகிப்போய்த் தூங்கின.

காலையிலிருந்து வார்டுக்குள் அவள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் இந்நேரம் நாடு தாண்டியிருப்பாள். ஆயாவை விட்டுத் தரையைத் துடைக்க வைத்திருந்த பளபளப்பில், ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலும் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். போன ஆய்வில் பக்கத்து வார்டு நர்ஸ் ஒரே ஒரு கேள்விக்குத் திருதிருவென்று விழித்தாள். இப்போது ஸ்டோர் ரூமில் பஞ்சு எண்ணிக்கொண்டிருக்கிறாள். தனக்கும் அதே கதிதானோ என்று சிஸ்டர் விதிமுறைகளை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்த முகம். செருப்பை வெளியே விட்டார். யாரும் சொல்லாமலே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

"பார்த்தியா, எவ்வளவு கறார்!" என்று ஆயாவின் காதில் ஊதினாள் சிஸ்டர்.

"சிஸ்டர், அவரு வந்து..."

"டீ எல்லாம் அப்புறம். நீ வாயைத் திறக்காதே."

அவர் நேராக ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியின் முன் போய் நின்றார். உள்ளே, ஒரு பூனைக்குட்டி பார்த்தால்கூடப் பாவப்படும் அளவில் ஒரு பெண் குழந்தை.

"இந்தக் குழந்தையை யாரும் நெஞ்சுல வெச்சுக்கறது இல்லையா?"

சிஸ்டர் ஓடிவந்தாள். "அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணின இடத்துல பிரச்சினை, காய்ச்சல் சார். மேல் மாடியில இருக்காங்க. எழுந்து வந்ததும் கங்காரு மாதிரி நெஞ்சுல வெச்சு சூடு கொடுக்க ஆரம்பிச்சிடுவோம்."

"அதுவரைக்கும் இது இப்படித் தனியாவே கிடக்கணுமா?"

கிடுக்கிப்பிடி! ஆனால் பாடத்தில் அவளை அசைக்க ஆள் உண்டா?

"வேண்டியதில்ல சார்! அம்மாவுக்கு முடியலைன்னா அப்பா, சித்தி, அத்தைன்னு நோய்நொடி இல்லாத யாரும் செய்யலாம். வெறும் நெஞ்சுல குழந்தையை நிமிர்த்தி வெச்சு, காலைத் தவளை மாதிரி மடக்கி, முகத்தை ஒரு பக்கமாத் திருப்பணும். மூக்கு அடைபடக் கூடாது. தொப்பியும் நாப்கினும் போதும். மேல துணி சுத்தி, ஒரு மணி நேரமாவது எடுக்காம வெச்சிருக்கணும்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நெஞ்சுல முடி இருந்தா?"

இப்படியும் ஒரு கேள்வியா! "பரவாயில்ல சார். குளிச்சிருந்தாப் போதும்."

"கை நடுங்கினா?"

"சாய்ஞ்சு உட்கார வெச்சு நாங்க பக்கத்துலயே நிப்போம் சார். குழந்தை நெஞ்சுல ஒட்டினதும் நடுக்கம் தானா நின்னுடும்."

ஆயா அவள் முழங்கையைக் கிள்ளினாள். சிஸ்டர் திருப்பிக் கிள்ளினாள், இரண்டு மடங்காக.

"அப்பாவை உள்ள விடறதுக்கு இங்க தடை ஏதாவது இருக்கா?"

"சேச்சே! யார் சார் தடுக்கறது? அப்பா நெஞ்சுலயும் அதே சூடுதானே? வந்தா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உட்கார வெப்போம்!"

அவர் நீளமாக மூச்சுவிட்டார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"ஐயையோ, சார்! என்ன சார் பண்றீங்க?"

"நாற்காலி எங்க சிஸ்டர்? குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் அவர், அடுத்த பொத்தானில் விரல்கள் நடுங்க. "இத்தனை நாளா என் பொண்ணைப் பார்க்க வந்தப்பல்லாம், 'ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது'ன்னு உங்க குரல் மட்டும்தான் வெளிய வந்துச்சு, நல்ல சட்டை போட்டுட்டு வந்த இன்னைக்குத்தான் கதவு திறந்துச்சு."