நிழலை அளந்த நூல்

அர்தா ஆற்றங்கரையில் அந்தச் சுவர் இரண்டு தடவை சரிந்துவிட்டது. மூன்றாம் தடவை அஸ்திவாரம் போடும்போது, கொத்தனார் வெல்கோ ஒரு சேவல் அறுக்க வேண்டும் என்றான். இன்ஜினியர் ஆசென் சிரித்தான்.

"சேவல் எதுக்கு மேஸ்திரி? உங்க ஊர்ல ஆளோட நிழலை நூலால அளந்து, நூலைச் சுவருக்குள்ள வச்சுப் பூசுவாங்களாமே. என்னோடதை அளங்க."

"அப்படி வச்சா அந்த ஆளைச் சுவர் எடுத்துக்கும் சார். என் கையால செய்ய மாட்டேன்."

"இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் மரியாதை குடுக்கச் சொல்றீங்களா?"

"மரியாதை அதுக்கில்ல சார். உங்களுக்கு."

ஆசெனே நூலை வாங்கித் தன் நிழல் நீளத்துக்கு அறுத்து, கலவைக்குள் போட்டு மிதித்தான். வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சுவர் நின்றது. பனி உருகி வந்த வெள்ளத்துக்கும் அசையவில்லை. ஆசெனுக்கும் ஒன்றும் ஆகவில்லை, தொப்பைகூடக் கொஞ்சம் போட்டிருந்தது. வேலை முடிந்த சாயங்காலம் ரக்கியா என்ற பழச்சாராயப் பாட்டில் ஒன்றோடு வந்து நின்றான்.

"சுவரும் நிக்குது, நானும் நிக்கிறேன். இப்ப என்ன சொல்றீங்க மேஸ்திரி?"

நீங்கள்தான் சரி என்று சொல்லிவிட வெல்கோ வாயைத் திறந்தான். சாய்ந்த வெயிலில் எல்லோருடைய நிழலும் சாலைப் பக்கம் நீண்டு கிடந்தது. ஆசெனுடையது மட்டும் சுவர்ப் பக்கம் கிடந்தது.

வெல்கோ அவன் தோளில் கை போட்டு, முதுகு சுவருக்கு வரும்படி திருப்பி நிறுத்தினான்.

"ஊத்துங்க சார்" என்றான்.

பிறகு தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் அதற்குள் கடப்பாரையோடு, நூல் புதைந்த இடத்தை இடிக்கச் சுவர்ப் பக்கம் நகர்ந்திருந்தார்கள்.