விற்றுப்போன இறுதிப்போட்டி

வாசலில் நின்றவன், கதவைத் திறந்த இளம்பரிதியை விட்டுவிட்டு அவன் மனைவி கோமதியைப் பார்த்துக் கண் கலங்கினான்.

"யாருய்யா நீ?"

"வில்சன் சார். உங்க ஃபைனல் மேட்ச் நினைவை வாங்கினவன்."

மூன்று வருடத்துக்கு முன், முழங்கால் ஆபரேஷன் செலவுக்காக அந்தக் கூடைப்பந்து இறுதிப்போட்டியைத் தன் மூளையிலிருந்து எடுத்து விற்றிருந்தான் இளம்பரிதி. அதில் ஜெயித்தோம் என்பதே இப்போது அவனுக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

"அதுக்கு என்ன இப்போ?"

"கடைசி ஃப்ரீ த்ரோவுக்கு முன்னாடி நான் கேலரியைப் பார்க்கிறேன். அதாவது, நீங்க பார்க்கிறீங்க. மஞ்சள் சுடிதார்ல இவங்க. பந்து விழலைன்னாலும் பரவாயில்ல, கட்டினா இவளைத்தான் கட்டணும்னு தோணுது. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல சார்."

இளம்பரிதி குழம்பினான். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம் என்றல்லவா நினைத்திருந்தான்?

"இதைத்தான் மூணு வருஷமா நானும் சொல்றேன். இவர் நம்ப மாட்டேங்கிறார்" என்ற கோமதி, வில்சனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. அப்புறம் என்ன தோணுச்சு?"

அவனை விரட்டுவதா, தானும் உட்கார்ந்து கேட்பதா என்று தெரியாமல் இளம்பரிதி கதவைப் பிடித்தபடியே நின்றான்.