போதும்
"கிருமி வந்தா வெள்ளணு ஒரு நொதியை விடும்மா. வேலை முடிஞ்சதும் அதைப் பிடிச்சு நிறுத்த ஒரு புரதம் வரணும். உங்களுக்கு அது சரியா வர்றதில்ல. கிருமியைத் தின்ன வாய் உங்க நுரையீரலையும் தின்னுட்டிருக்கு" என்றார் டாக்டர். என் தங்கை பேராச்சிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு அந்தப் புரதம் வேண்டிய மட்டும் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவள்தான். வாங்கும்போது மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறாள்.

கோயில் கொடைத் திருவிழாவன்று அம்மன் முன்னால் பானை பொங்கியதும் எல்லாப் பெண்களும் குலவை போட்டோம். எனக்குப் பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. பேராச்சி விடவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் தோளைத் தொட்டு "போதும்டி" என்று சொன்னால்தான் நிறுத்துவாள். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவள் குலவை மட்டும் கோயிலைச் சுற்றியது.

"யாத்தே, என்னா மூச்சு இவளுக்கு!" என்றாள் பக்கத்தில் நின்றவள், என்னிடமே.

பேராச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. குரல் பிசிறத் தொடங்கியும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை.