மாப்பிள்ளை வீட்டு ஸ்பீடு

பக்கத்து வீட்டுப் பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தான் சந்திரசேகர். வெளியூர் போயிருந்த செம்மல், செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் சாவியைக் கொடுத்திருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவருடைய நெட் மோடத்திலிருந்து ஒரு வயரை இழுத்து, மதில் மேலே போட்டு, கொடியில் காயும் வேட்டிக்குப் பின்னால் மறைத்து, தன் வீட்டு வைஃபை பெட்டியில் செருகினான்.

"ஏப்பா, போலீஸ் கேசு ஆயிடாதுல்ல?" என்றாள் அம்மா ஆவுடையாள்.

"ஒரு மணி நேரந்தாம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க போனதும் கழட்டிடுறேன்."

திருட்டுதான். என்ன செய்ய? வயது முப்பத்து நாலு. ஒன்பது இடம் தட்டிப்போய்விட்டது. பத்தாவதாகக் கறம்பக்குடி ஜனனியை போட்டோவில் பார்த்த நாளிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. "வீடு பாக்க நானும் வருவேன். நெட் ஸ்பீடை டெஸ்ட் பண்ணிட்டுத்தான் பதில் சொல்லுவேன்" என்று புரோக்கரிடம் கறாராகச் சொல்லிவிட்டாளாம். இவன் திருக்கோகர்ணத்து வீட்டு நெட் ஸ்பீடோ என்றைக்கும் ஆறு எம்பியைத் தாண்டியதில்லை.

பதினோரு மணிக்கு அப்பா நாராயணனோடு ஜனனி வந்தாள். காபியைத் தொடவில்லை. பாஸ்வேர்டு கேட்டாள். ஹாலில் ஒரு டெஸ்ட், மாடி அறையில் ஒரு டெஸ்ட்.

"டவுன்லோடு இருநூத்தி நாப்பது. அப்லோடும் அவ்வளவு வருது. எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இதேதாங்க."

"சாயங்காலம் ஊரே நெட்டுல உக்காந்திருக்கும்போது?"

"அப்பவும் அசையாதுங்க."

"மழை பெஞ்சா?"

"புயலே அடிச்சாலும் குறையாதுங்க."

அவள் முகம் சுருங்கியது. கண்டுபிடித்துவிட்டாளோ? ஜன்னல் பக்கம் போனாள். காற்றில் வேட்டி விலக, சந்திரசேகர் பாய்ந்து போய் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"வெயில் அடிக்குதுங்க" என்று அசடு வழிந்தான்.

அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"புரோக்கர்ட்ட சொல்லி அனுப்புறோம்" என்று நாராயணன் எழுந்துகொண்டார்.

கார் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. "பையன் தங்கமா இருக்கான். ஒனக்கும் பிடிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது. ஏம்மா வேண்டாங்குற?"

"பிடிச்சிருக்குப்பா. அதான் வயித்தெரிச்சலா இருக்கு. தினம் காலையில ஸ்பீடு டெஸ்ட் எடுத்து கம்பெனிக்கு அனுப்பணும். பத்துக்கு மேல காட்டுச்சுன்னா நாள் பூரா கேமராவை ஆன்ல வைக்கச் சொல்லுவாங்க."

"வச்சுட்டுப் போயேன். அதுல ஒனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுக்கொண்ணு தெரியாம ரெண்டு கம்பெனிக்கு ஒரே நேரத்துல வேலை பாக்குறேன். எந்தக் கேமராவுக்குப்பா மூஞ்சியக் காட்டுறது?"