குரங்கு விரட்டிய சீடி

குரங்குத்தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வெற்றிச்செல்வன் எதிர்க்கடைக்குள் நுழைந்தார். திருட வந்தவரைப் போல அவருடைய கால் கூசியது.

குன்னூர்க் கடைவீதியில் அவருடைய கம்ப்யூட்டர் கடைக்கும் தாவூதின் ஸ்டுடியோவுக்கும் இடையே தெரு மட்டுந்தான். "மலை ஈரத்துக்குச் சீடியில பூஞ்சை பிடிக்குமுங்க, பென் டிரைவ் வாங்குங்க" என்பார் இவர். "பென் டிரைவ் சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போகும், சீடிதான் நிக்கும்" என்பார் அவர்.

கோயில் திருவிழாவில் வெற்றிச்செல்வனின் மனைவி பங்கஜம் பாடியதைத் தாவூத் படம்பிடித்துச் சீடியாகக் கொடுத்திருந்தார். பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்ட வெற்றிச்செல்வன், சீடியைக் கயிற்றில் கட்டித் தம் கடை வாசலில் தொங்கவிட்டார். "குரங்கு விரட்டத்தான் லாயக்கு" என்று எதிர்க்கடைக்குக் கேட்கும்படி சொல்லவும் செய்தார். போன மாதம் தாவூதின் மகள் ஆலியா, "யாருகிட்டயும் சொல்லிராதீங்க மாமா" என்று அவரிடமே பென் டிரைவ் வாங்கிப் போனபோது உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

நாளை பங்கஜத்தின் முதல் திதி. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று சேரம்பாடியிலிருந்து மகள் சசிகலா வருகிறாள். பென் டிரைவோ நேற்றுச் செத்துவிட்டது. வாசல் சீடியில் கீறல் விழாத இடமில்லை.

"ஏனுங்க, குரங்கு ஏதும் தொரத்திருச்சுங்களா?" என்றார் தாவூத்.

"பங்கஜம் பாட்டு... உங்ககிட்ட இருக்குமுங்களா, பாய்?"

தாவூதின் சிரிப்பு மறைந்தது. சீடி அலமாரியைத் தாண்டிப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார்.

சற்று நேரத்தில் பங்கஜத்தின் குரல் கடையை நிறைத்தது. நடுவே அவள் இருமிவிட்டுத் தொடர்ந்ததுகூட அப்படியே இருந்தது. வெற்றிச்செல்வன் தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை.

"நான் தோத்துட்டனுங்க, பாய். சீடிதான் நின்னுது. இப்பவே வாசல்ல நின்னு ஊருக்கே சொல்லிடறனுங்க."

அவர் படியிறங்குமுன் தாவூத் ஓடிவந்து கையைப் பற்றினார். ஏனோ தாவூதின் தலை நிமிரவேயில்லை.

"அதை மட்டும் செஞ்சிராதீங்க. என்ற சீடியெல்லாம் பூஞ்சை பிடிக்குதுங்க." மூடியிருந்த மறு கையை மெல்ல விரித்தார். உள்ளே ஒரு பென் டிரைவ்.

"ஆலியா வாங்கினது எனக்குத்தானுங்க."