பாக்குறதுக்கா வாங்கினாரு?

“இதை எடுத்துக்குங்க சார். நாளைக்கு மனசு மாறித் திரும்பக் கேட்டு வர மாட்டேன்.”

கறுப்புக் கிட்டார் பெட்டியைக் கடை மேசைமேல் பொத்தென்று வைத்தாள் அவள். பேருந்தில் நின்றபடியே தூக்கி வந்ததில் தோள்பட்டை கெஞ்சியது. முகம் மட்டும் யாரிடமும் கெஞ்சுவதாக இல்லை.

பழைய காலத்து எலெக்ட்ரிக் கிட்டார்களை மட்டும் வாங்கி விற்கிற கடை அது. “ஒரு நிமிஷம் உட்காரும்மா” என்று ஸ்டூலைக் காட்டினார் கடைக்காரர். அவருக்கு அப்போது வேறொரு தலைவலி. குதிரைவால் முடி வைத்த வாடிக்கையாளர் ஒருவர், மூலைச் சுவரில் தொங்கிய சிவப்பு பேஸ் கிட்டாரைக் கேட்காமலே இறக்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் இது, எல்லாம் இடம் மாறி இருக்கு? கண்ணாடியில பாக்குற மாதிரி!”

“இடது கைப் பழக்கம் உள்ளவங்களுக்குச் செஞ்சது அது. வலது கையால தந்தியை அழுத்தணும், இடது கையால மீட்டணும். வந்த நாள்லேர்ந்து சீந்துவாரில்லாமத் தொங்குது.”

“நல்லாருக்கே! நான் வேணா கை மாத்திப் பழகிக்கிறேன்.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்துவிட்டாள். தன் வியாபாரம் முடிகிறவரை அவளுக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது.

“மீட்டுறது பெரிய விஷயமில்லை, அதுக்கு ரெண்டு விரல் போதும்” என்றார் கடைக்காரர். “அழுத்துற கைக்குத்தான் நாலு விரலும் வேணும். இந்த வயசுல அதைப் பழகணும்னா ஒரு மாமாங்கம் ஆகும்.”

குதிரைவால் ஒரு பெருமூச்சு விட்டு, கிட்டாரைப் பழையபடி மாட்டிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தது. அவளும் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது. உள்ளே இருந்தது அவர் பிறப்பதற்கு முன்பே செய்த பேஸ் கிட்டார். மேல் விளிம்பில் முன்னங்கை உரசி உரசி வண்ணம் போய் மரம் தெரிந்தது.

“இது நான் குடுத்ததாச்சே! அச்சகத்துல வேலை செய்வாரே, அவருக்கு. நீ அவர் வீட்டுக்காரம்மாவா? அவர்தான் குடுத்தனுப்பினாரா?”

“அவருக்குத் தெரியாது. தூங்கிக்கிட்டிருந்தாரு. எடுத்துட்டு வந்துட்டேன்.”

வாசலில் ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் உள்ளே ஓடி வந்தான் அவளுடைய கொழுந்தன்.

“அண்ணி, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?” அவன் கடைக்காரர் பக்கம் திரும்பினான். “சார், பேப்பர் வெட்டுற மெஷின் எங்க அண்ணனோட இடது கையில மூணு விரலை எடுத்துடுச்சு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். இனிமே அவரால தந்தியை அழுத்த முடியாது. நாள் பூரா இதைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்காரு. அதையும் இவங்க பிடுங்கிட்டு வந்துட்டாங்க!”

“பாக்குறதுக்கா வாங்கினாரு?” அவள் குரல் உயர்ந்தது. “பாக்குறதுக்குப் பக்கத்துலயே காலண்டர் தொங்குது, அதைப் பாக்கட்டும். நான் கட்டிக்கிட்டது வாசிக்கிறவரை. சுவத்தைப் பாத்து அழறவரை இல்லை.”

“வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க அண்ணி. அம்மா வீட்டுல அழுதுக்கிட்டிருக்காங்க.”

“எல்லாரும் சேந்து அழுது அழுதுதான் அவரை மூலையில உட்கார வச்சுட்டீங்க. இனிமே அவ்வளவுதான்னு டாக்டர்லேர்ந்து பால்காரர் வரைக்கும் சொல்லியாச்சு. நான் இன்னும் சொல்லலை.”

கட்டியவன் காயத்தோடு கிடக்கும்போது, அவன் உயிராக வைத்திருந்த பொருளைக் கடைக்குத் தூக்கி வருகிறவளுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று சொல்லவா வேண்டும்? முன்பின் தெரியாத குதிரைவால்கூட முகத்தைச் சுளித்தது. கடைக்காரர் பெட்டியை மூடி அவள் பக்கமே தள்ளினார்.

“வேண்டாம்மா. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பணக் கஷ்டம்னா சொல்லு, என்னால ஆனதைத் தர்றேன். இதை எடுத்துட்டுப் போ.”

அவள் அதே வேகத்தில் பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

“பணம் யார் சார் கேட்டா?”

“பின்னே?”

“இதை வச்சுக்கிட்டு, அந்த மூலையில தொங்குறதைக் குடுங்க.”

“அம்மா, அது இடது கைக்காரங்களோட...” என்று ஆரம்பித்த கடைக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கொழுந்தன் அப்போதுதான் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“மீட்டுறதுக்கு ரெண்டு விரல் போதும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”